கலங்காத படம்

விழுங்கக்கூடாது.

அவருக்கு வேறு எதுவும் நினைவில் இல்லை.

கழுத்தைச் சுற்றிக் கூடு மாதிரி ஒன்றை மாட்டியிருந்தார்கள். முகத்துக்கு ஒரு சாண் மேலே எந்திரத்தின் வெள்ளைச் சுவர். கையில் ரப்பர் பந்து. முடியாவிட்டால் அமுக்கச் சொல்லியிருந்தார்கள்.

"எச்சில் முழுங்கிராதீங்க அண்ணாச்சி. கழுத்து அசைஞ்சா படம் கலங்கிரும்."

ஹெட்போனில் டெக்னீஷியன் பெண்ணின் குரல். பிறகு எந்திரம் இடிக்கத் தொடங்கியது.

கதிர்வீச்சுக்குப் பிறகு எச்சில் பசையாகிவிட்டது. தொண்டையின் பின்பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டு, போகவும் மறுத்தது, இருக்கவும் விடவில்லை.

அவர் பஸ் கண்டக்டர். திருநெல்வேலி–தென்காசி தடம். குரல்வளையில் வந்த கட்டியைக் கதிர்வீச்சில் கரைத்துவிட்டார்கள். குரல் திரும்பி வந்தது. டிப்போவில் உட்கார வைத்திருந்தவரை மறுபடியும் வண்டியில் ஏற்றினார்கள்.

போன மாதம் ஆலங்குளத்தில் நிறுத்தத்தின் பேரைச் சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. அங்கே இறங்க வேண்டிய ஒரு பெண் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, அவரைத் திட்டிக்கொண்டே நடந்தாள்.

வீட்டில் சளி என்று சொன்னார். மனைவி மிளகுப்பால் காய்ச்சிக் கொடுத்தாள். மறுநாள் அவளே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். வீக்கம் இருந்தது. கதிர்வீச்சின் வீக்கமா, கட்டி திரும்பி வந்துவிட்டதா என்று மேலோட்டமாகப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. எம்ஆர்ஐ எடுத்துவிடலாம் என்றார்.

எச்சில் இறங்கியது.

அவர் விழுங்கிவிட்டார்.

எந்திரம் நின்றது.

"அசைஞ்சிருச்சு அண்ணாச்சி. முக்கியமான படம் இது. இன்னொருக்க எடுக்கணும். இருப்பீங்களா?"

கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

மறுபடியும் இடி.

அப்போதுதான் அது தோன்றியது. விழுங்கினால் போதும். படம் கலங்கும். கலங்கிய படத்தை வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியாது. இன்னொரு தேதி கொடுப்பார்கள். அதுவரை அது சளிதான்.

எச்சில் மெல்ல வழுக்கியது. கண்ணோரம் நீர் இறங்கிக் காதுக்குள் போனது. விரல்கள் பந்தைச் சுற்றி இறுகின. அமுக்கவில்லை.

நாக்கை மேலண்ணத்தில் ஒட்டினார்.

ஒட்டியபடியே கிடந்தார்.

இடி ஓய்ந்தது.

"நல்லா வந்திருக்கு," என்றாள் அந்தப் பெண்.

மத்தியானத்துக்கு மேல் டாக்டர் உள்ளே கூப்பிட்டார். திரையில் அவருடைய கழுத்து சாம்பல் நிறத்தில் இருந்தது.

"கதிர்வீச்சு வீக்கமா இருந்தா இந்தப் படத்துல கருப்பா தெரியும்," டாக்டர் பேனாவால் ஓரிடத்தைக் காட்டினார். "இது வெள்ளையா இருக்கு. சதை எடுத்து டெஸ்ட் பண்ணி உறுதி பண்ணிக்கலாம். ஆனா மனசைத் தயார் பண்ணிக்கோங்க. சின்னதா இருக்கும்போதே பார்த்துட்டோம். குரல்வளையை எடுத்துட்டா உயிருக்கு நம்பிக்கையா இருக்கலாம்."

"பேச்சு?"

டாக்டர் பேனாவை மூடினார்.

"வேற வழியெல்லாம் இருக்கு. பழகணும். இந்தக் குரல் இருக்காது."

வெளியே நாற்காலி வரிசையில் மனைவி அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் கஞ்சி வாங்க கேன்டீனுக்குப் போன நேரத்தில்தான் அவரை உள்ளே கூப்பிட்டிருந்தார்கள். மடியில் தூக்குவாளி. சூடு போகாமல் இருக்க முந்தானையால் மூடியிருந்தாள்.

'இந்தா' என்றால் திரும்புவாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

அவர் தொண்டையைச் செருமினார்.

"ஆவுடையம்மா."

உடைந்துதான் வந்தது. அவள் திரும்பவில்லை. பக்கத்தில் இருந்த வேறொரு பெண் திரும்பினாள்.

"ஆவுடையம்மா."

இப்போது பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். மறுபடியும் அவரைப் பார்த்தாள்.

டாக்டர் என்ன சொன்னார் என்று அவள் கேட்கவில்லை.

பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்துக் கீழே வைத்தாள். அவர் வந்து உட்கார்ந்தார். தூக்குவாளியை அவர் கையில் கொடுத்தாள்.

"இன்னொருக்க கூப்பிடுங்க," என்றாள்.