மூலையில் ஒரு நம்பர்

லின்ஸி ஸ்டூலில் உட்கார்ந்ததும் ஷிஜோ தன் ஸ்டூடியோவின் ரோஜாப்பூத் திரையை இறக்கினான்.

அவளுடைய அப்பச்சன், அதாவது அப்பா, காலையிலேயே போனில் புலம்பியிருந்தார். "நீ எடுத்த அந்தப் போட்டோவுக்கு ராசியே இல்லடா மோனே. மேட்ரிமோனி குரூப் அத்தனையிலயும் போட்டாச்சு. ஒரு ஈ காக்கா கூப்பிடல. அவளை அனுப்பறேன், வேற ஒண்ணு எடு."

கூப்பிடாமல் என்ன? கூத்தாட்டுகுளத்திலிருந்து குவைத் வரை கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். கூப்பிட்டது ஷிஜோவை, அவ்வளவுதான்.

பெண்ணுக்கு வரன் பார்க்கும் படம் எங்கள் ஊரில் வாட்ஸ்அப்பில்தான் கிளம்பும். அப்பச்சனும் படத்துக்குக் கீழே படிப்பு, பங்குக் கோயில், தன் போன் நம்பர் எல்லாம் தட்டித்தான் அனுப்பினார். ஆனால் இரண்டு கை மாறினால் எழுத்து உதிர்ந்துவிடும்; படம் மட்டும் ஊர் சுற்றும். அதில் மிஞ்சுவது மூலையில் இருக்கும் 'ஏஞ்சல் ஸ்டூடியோ'வும் அதன் நம்பரும்தான்.

படத்தை எவனும் திருடிவிடக் கூடாதென்று போட்ட லோகோ. அது படத்தில் இருப்பவளையும் சேர்த்துக் காவல் காத்தது.

"பொண்ணோட அப்பாவா பேசறது?" என்று முதல் ஆள் கேட்டபோது ஷிஜோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்புறம் பழகிவிட்டது. மாப்பிள்ளை யார் என்று தோண்டுகிறவர்களிடம், உள்ளூர்ப் பையன், சொந்தமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறான், தங்கமான குணம் என்றெல்லாம் அளந்தான்.

அந்தத் தங்கத்துக்கு அவளிடம் வாய் திறக்கத்தான் தைரியம் வரவில்லை. இன்று சொல்லியே தீருவதென்று இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்தான்.

"லின்ஸி, ஒரு விஷயம்..."

"இருங்க சேட்டா, நான் முதல்ல சொல்லிடறேன்." கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "போன மாசம் திருச்சூர்லேர்ந்து ஒரு ஆன்ட்டி கூப்பிட்டாங்களே? பையன் கனடாவுல, பொண்ணு வீடு எங்கன்னு உயிரை எடுத்தாங்களே? அது நான்தான்."

ஷிஜோ கேமரா ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டான்.

"யாருமே கூப்பிடலையேன்னு சந்தேகம் வந்து, படத்துல இருந்த நம்பருக்கே போட்டுப் பார்த்தேன். உள்ளூர்ப் பையனாம், ஸ்டூடியோவாம், தங்கமான குணமாம்! எப்படி சேட்டா இப்படி வாய் கூசாம புளுகறீங்க? சிரிச்சு சிரிச்சு எனக்கு வயிறே வலிச்சுப்போச்சு."

அவனும் சிரித்து வைத்தான். வேறு என்ன செய்வான், பாவம்.

"ஆனா நீங்க மட்டும் அத்தனை பேரையும் தட்டிக் கழிக்கலைன்னா, ஈஸ்டருக்குள்ள அப்பச்சன் என்னைக் கட்டிக்கொடுத்திருப்பாரு. ஜெர்மன் பரீட்சையை எங்க எழுதறது? இப்ப பாஸாயிட்டேன். ஜெர்மனியில ஆஸ்பத்திரி வேலையும் உறுதியாயிடுச்சு. வீட்ல இன்னும் சொல்லல. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன். கூடப்பிறந்தவன்கூட இவ்வளவு செய்யமாட்டான்."

இஸ்திரி போட்ட சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

"அப்ப இந்தப் போட்டோ?"

"விசாவுக்கு. அந்த ரோஜாப்பூவைச் சுருட்டுங்க, வெள்ளைத் திரைதான் வேணும். லோகோ கீகோ எதுவும் வரக்கூடாது, திருப்பி அனுப்பிடுவாங்களாம். அப்பச்சனுக்கும் தனியா ஒண்ணு எடுங்க. அதுல வேணும்னா நம்பரைக் கொஞ்சம் பெருசாவே போடுங்க."

ஷிஜோ ரோஜாப்பூவைச் சுருட்டினான். வெள்ளைத் திரையை இறக்கினான்.

விசாப் படத்தில் பல் தெரியக் கூடாது என்பது விதி. அவளால் முடியவில்லை. அவன் பட்டனைத் தொடப் போகும்போதெல்லாம் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை சந்தோஷமாக அவளை அவன் பார்த்ததே இல்லை.

"சிரிக்காம இரு லின்ஸி."

"முடியலையே சேட்டா!" என்றவள் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "ஆ, இப்படித்தான் வேணும். நீங்க அப்படியே இருங்க. உங்களைப் பார்த்துக்கிட்டே நானும் இருக்கேன்."

அவன் அப்படியே இருந்தான். படம் விதிப்படி வந்தது.