மாதிரி ஆல்பம்

பெண்களைப் படுக்கையறையில் அழகாகப் படமெடுத்துக் கொடுக்கும் தொழிலைத் தொடங்க, மருமகள் பிரவீனா முதன்முதலாகச் சேர்த்த மாதிரி ஆல்பம் மாமனார் அப்புசாமியின் கையில் சிக்கிவிட்டது.

“நம்மூட்டுக் கட்டில்ல முதுகைக் காட்டிட்டு உக்காந்திருக்கறவ எவ?”

“பேரைச் சொல்றதில்லீனு வாக்குக் குடுத்திருக்கறனுங்க மாமா.”

“மானங்கெட்டவளுக்கு வாக்கு வேறயா? சொல்லு, இல்லீனா ஆனைமலைக்கு உங்கப்பன் ஊட்டுக்கே போயிரு!”

பிரவீனா மாட்டேனென்று தலையாட்டினாள். அவர் அவளுடைய துணிப்பெட்டியை வாசலில் வீசினார்.

சமையலறையிலிருந்து வந்த அவர் மனைவி ராசாத்தாள் அதை எடுத்து உள்ளே வைத்தாள்.

“அவளை எதுக்குங்க ஊட்டை உட்டு முடுக்கறீங்க? முப்பது வருசம் குடும்பம் நடத்தியும் அடையாளம் தெரியலீங்களா? அது நானுங்க.”

“இந்த வயசுலயா?”

ராசாத்தாள் மருமகளிடம் திரும்பினாள்.

“அடுத்த பிலிம் ரோல்ல மூஞ்சியோடயே எடு, அம்மணி.”