தங்கமூக்கு

"ஆபரேஷன் மட்டும் வேண்டாம் சார். என் பேச்சைக் கேளுங்க" என்றாள் அவள், கண் கலங்க. சோப்புத் தொழிற்சாலையின் வாசனை அறையில் அவள் உதவியாளர். எதிரே உட்கார்ந்திருந்தவர் தலைமை நிபுணர். ஆவி பறக்கும் வெந்நீர்ப் பாத்திரத்தை அவர் முன்னால் வைத்து, தலைக்கு மேல் துண்டையும் போர்த்திவிட்டாள். பெற்ற மகள்கூட இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்யமாட்டாள்.

துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "எத்தனை வருஷம்மா ஆவி பிடிக்கிறது? உப்புத்தண்ணி விட்டுக் கழுவியாச்சு. அலர்ஜி மாத்திரை, ஸ்ப்ரே, எல்லாம் பாத்தாச்சு. மூக்குத் தண்டு வளைஞ்சிருக்கு, நேராக்கிட்டா சரியாயிடும்னு டாக்டர் சொல்றாரே."

"அவருக்கென்ன, சொல்லுவாரு. ரத்தம் நிக்காமப் போனா? தண்டுல ஓட்டை விழுந்தா? பக்கத்துலயே கண்ணு இருக்கு, மேல மூளை இருக்கு. அதையெல்லாம் விடுங்க, இருக்கிற கொஞ்ச நஞ்ச வாசனையும் அடியோட போயிட்டா?"

"அது எங்கேயோ ஒருத்தருக்குத்தான் வருமாம்."

"அந்த ஒருத்தர் நீங்களா இருந்தா? அப்புறம் உங்களை வச்சுக் கம்பெனி ஊறுகாயா போடும்?"

அவர் துண்டை விலக்கினார். வாயை மூடிக்கொண்டு அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பயம் பிடித்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது.

"சரிம்மா, யோசிக்கிறேன்" என்றவர், அவள் வாங்கி வந்திருந்த சொட்டு மருந்து டப்பாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அந்த மருந்தை நாள்கணக்கில் போட்டால் மூக்கு முன்னைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும் என்று டப்பாவுக்குள் இருக்கும் தாளில் அச்சிட்டிருந்தது. வாரம் தவறாமல் மருந்து வாங்கி வருகிறவள் அவள்தான். அந்தத் தாளை எடுத்துக் கிழித்துப் போடுகிறவளும் அவள்தான். போன மாதம் தம்பி வீட்டு வேலை என்று அவர் மூன்று வாரம் லீவில் போனபோதுகூட ஆறு டப்பா வாங்கி அவர் பெட்டியில் வைத்து அனுப்பினாள்.

மீன் மாதிரி வாயைத் திறந்து மூச்சுவிடும் அந்த மனிதருக்கு ஏழு வருடமாக எந்த வாசனையும் சரியாகத் தெரியாது. ஆனால் தொழிற்சாலையில் அவருக்குப் பெயர் 'தங்கமூக்கு'. அந்தத் தங்கம் யாருடையது என்பது இரண்டே பேருக்குத் தெரியும். காகிதப் பட்டையைத் தைலத்தில் தோய்த்து அவரிடம் நீட்டும்போதே அவள் முகர்ந்துவிடுவாள். பிறகு பேனா மூடியால் மேசையைத் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் நல்லது. இரண்டு தட்டு என்றால் கழிசல். அவர் கண்ணை மூடி, நெற்றியைச் சுருக்கி, தீர்ப்புச் சொல்வார்.

அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். முதல் மழை விழுந்த மண்ணின் வாசனையைப் பதினொரு மாதம் பாடுபட்டு உருவாக்கியவள் அவள். அந்த சோப்பு விற்றுத் தீர்ந்தபோது மேடையேறி விருது வாங்கியவர் அவர். "யார் செஞ்சா என்னம்மா, எல்லாம் ஒரே கம்பெனிதானே" என்றார். விருது வாங்கிய படம் சுவரில் தொங்குகிறது. அதன் ஓரத்தில் அவளுடைய முழங்கை மட்டும் விழுந்திருக்கிறது.

அந்த முழங்கையைத் தினமும் பார்த்துப் பார்த்துத்தான் இந்த நாளுக்காக அவள் காத்திருந்தாள்.

பதினோரு மணிக்கு முதலாளியோடு மூன்று பேர் வந்தார்கள். மூன்று வருடத்துக்கு மொத்தமாகச் சரக்கெடுக்கப் பேச வந்தவர்கள். "உங்க தங்கமூக்கைப் பத்திக் கேள்விப்பட்டோம். நாங்களும் ஒரு கை பாத்துடறோமே" என்று தாங்கள் கொண்டுவந்த மூன்று புட்டிகளை மேசையில் வைத்தார்கள்.

முதல் புட்டி. இரண்டு தட்டு. "நீர்த்துப்போன சரக்கு" என்றார் அவர்.

இரண்டாவது. ஒரு தட்டு. "இது நல்லாயிருக்கு."

மூன்றாவது புட்டியில் பட்டையைத் தோய்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. ரோஜா வாசனைக்கு அடியில் காறிப்போன எண்ணெய் ஒளிந்திருந்தது. பழகாத மூக்குக்குப் பிடிபடாது. வேண்டுமென்றே வைத்த பொறி.

இதைப் பிரமாதம் என்று அவர் வாயைத் திறந்துவிட்டால் போதும். இத்தனை வருட மானம் இந்த மேசையிலேயே கப்பலேறிவிடும். நாளைக்கே நாற்காலி காலியாகும். அடுத்து அதில் உட்காரப்போவது யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

பட்டையை நீட்டினாள். பேனா மூடியை எடுத்தாள். நிதானமாக, ஒரே ஒரு தட்டு.

தங்கமூக்கு கண்ணை மூடினார். பட்டையை மூக்கருகே வைத்து ஆற அமர முகர்ந்தார்.

"காறல்" என்றார். "மேல ரோஜாவைப் போட்டு மூடியிருக்கீங்க. மூடினவர் கெட்டிக்காரர்தான்."

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு கைதட்டினார்கள். முதலாளிக்கு முகமெல்லாம் பல். "இந்த மூக்கு ஒண்ணு போதும். இந்த ரூமுக்கு வேற ஆளே வேண்டாம்" என்றபடி வந்தவர்களை அழைத்துக்கொண்டு போனார்.

அவள் கையிலிருந்த பேனா மூடி நழுவித் தரையில் உருண்டது. அவரே குனிந்து எடுத்தார். சட்டைப்பையிலிருந்த, ஒரு சொட்டுகூடக் குறையாத மருந்து டப்பாவையும் சேர்த்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"காலைல நீ சொன்ன ஆபத்தையெல்லாம் நான் போன மாசமே தாண்டிட்டேம்மா."