மச்சான் தூக்கிய கேன்

“உன் மச்சான் உன் எத்தனால் கேனைத் தூக்கிட்டுப் போனதை என் ரெண்டு கண்ணால பார்த்தேன்” என்றார் டயர்க்காரர்.

காருக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் துள்ளி எழுந்ததில் நெற்றி பம்பரில் இடித்தது.

“எப்போ?”

“காலையில. நீ டீ குடிக்கப் போயிருந்தப்போ. உன்னுதைத் தூக்கிட்டு, அதே மாதிரி இன்னொரு கேனை வெச்சிட்டுப் போறான்.”

இன்னும் சற்று நேரத்தில் இறுதிப் பந்தயம். நேர் ரோட்டில் இரண்டே கார்கள். ஒன்று மெக்கானிக்குடையது, இன்னொன்று மச்சானுடையது. இரண்டும் எத்தனாலில் ஓட டியூன் செய்தவை. இருவருமே ஒரே ஆலையில் எத்தனால் வாங்கி, அவரவர் கணக்குக்குக் கொஞ்சம் பெட்ரோல் கலந்து, ஒரே மாதிரி நீலக் கேனில் கொண்டுவருகிறவர்கள்.

ஒரு காலத்தில் ஒரே பட்டறையில் கூட்டாக இருந்தவர்கள்தான். எத்தனால்னா இன்ஜின் அதிகம் குடிக்குமே, எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை எவ்வளவு பெரிதாகப் போடுவது என்று ஒருநாள் ஆரம்பித்த பேச்சு, ‘இனி உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்’ என்பதில் போய் முடிந்தது. மச்சானுக்குப் பழைய பட்டறை நன்றாகவே ஓடியது. தனியாகக் கடை போட்ட மெக்கானிக் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

இன்று ஜெயிக்கிறவருக்குத்தான் பந்தயம் நடத்தும் கிளப்பின் எல்லாக் கார்களையும் எத்தனாலுக்கு மாற்றும் வேலை என்று கிளப் தலைவர் சொல்லிவிட்டார். மெக்கானிக்கின் கடை பிழைக்க வேறு வழி இல்லை.

“தண்ணியைக் கலந்து வெச்சிருப்பான். அவன் புத்தி எனக்குத் தெரியாதா?”

“எங்க அண்ணன் அப்படிப்பட்ட ஆளு இல்லீங்க” என்றாள் மனைவி. மடியில் லேப்டாப். கடையில் டியூனிங் எல்லாம் அவள் கையில்தான்.

“ஆரம்பிச்சிட்டியா, அண்ணனுக்கு வக்காலத்து!”

அவள் கேனிலிருந்து கொஞ்சம் பாட்டிலில் ஊற்றி வெளிச்சத்தில் காட்டினாள். பளிச்சென்று தெளிவாக இருந்தது. டாங்கில் ஊற்றி ஸ்டார்ட் செய்து திரையைப் பார்த்தாள்.

“கலவை பிரமாதம்னு சென்சார் சொல்லுது. இன்ஜினும் பூனைக்குட்டி மாதிரி மெத்துன்னு ஓடுது. இதுல என்ன குத்தம் கண்டீங்க?”

மெக்கானிக் தாடையைச் சொறிந்தார். திடீரென்று அவர் முகம் மலர்ந்தது.

“புரிஞ்சுபோச்சு! நேத்து அரையிறுதியில நம்ம கார் பறந்ததைப் பார்த்தான்ல? என் கலவை மேல கண்ணு வெச்சிட்டான். அதைச் சுட்டுட்டு அவனுதை இங்க வெச்சிருக்கான்!”

“கிளப்ல புகார் குடு” என்றார் டயர்க்காரர்.

“எதுக்கு? என் சரக்கை ஊத்தியே ஓட்டட்டும். ஓட்டுற கை கேன்லயா வரும்?”

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “போய் ஹெல்மெட்டை மாட்டுங்க முதல்ல.”

பச்சை விளக்கு எரிந்தது. பாதி தூரம் வரை இரண்டு கார்களும் ஒட்டிக்கொண்டே போயின. பிறகு மெக்கானிக்கின் கார் ஒரு உறுமு உறுமி முன்னால் பாய்ந்தது. ஒரு கார் நீள வித்தியாசத்தில் வெற்றி!

மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. மனைவியை லேப்டாப்போடு சேர்த்துத் தூக்கிச் சுற்றினார். டயர்க்காரருக்கு ஒரு முத்தம் கிடைத்தது. அவர் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். கிளப் தலைவர் வந்து கை குலுக்கி, “திங்கட்கிழமை முதல் கார் உங்க கடைக்கு வந்துடும்” என்றார்.

“இரு, ஒரே ஒரு வேலை பாக்கி” என்று கிளம்பினார் மெக்கானிக். “எல்லார் முன்னாடியும் என் கேனைக் கேட்டு வாங்கறேன்.”

மனைவியும் டயர்க்காரரும் பின்னாலேயே ஓடினார்கள்.

மச்சான் தன் காரில் சாய்ந்து நின்றிருந்தார். “வாங்க மாப்ள. அருமையா ஓட்டினீங்க.”

“அதெல்லாம் இருக்கட்டும். என் கேன் எங்க?”

மச்சான் காரின் பின்பக்கத்தைக் காட்டினார். மெக்கானிக் கேனைத் தூக்கினார். கை கீழே இழுத்தது.

“முழுசா இருக்கு! ஒரு சொட்டுகூட எடுக்கலையா? அப்போ நீ எதுல ஓட்டினே?”

மனைவி குனிந்து சைலன்சர் பக்கம் மோந்து பார்த்தாள். எத்தனால் எரிந்தால் வருமே, அந்த இனிப்பு வாசனை இல்லை.

“பெட்ரோல்!” என்றாள். “பழைய டியூனைப் போட்டு பெட்ரோல்லயா ஓட்டினே? என்னண்ணே இது?”

மச்சான் அந்தக் கேனிலிருந்து ஒரு பாட்டிலில் ஊற்றினார். அடியில் கலங்கலாக ஏதோ நின்றது. அதன் மேல் பெட்ரோல் தனியாகப் பிரிந்து மிதந்தது.

மெக்கானிக் பாட்டிலை வாங்கிப் பார்த்தார். “இது... தண்ணி இறங்கின சரக்கு.”

“காலையில இந்தப் பக்கம் வந்தப்போ உங்க கேன் திறந்து கெடந்துச்சு. ராத்திரி பேஞ்ச மழை மொத்தமும் உள்ளதான் இருக்கு மாப்ள. கலக்கி முடிச்சதும் மூடியை எங்க வெச்சீங்க?”

மெக்கானிக்கின் கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. நீல மூடியோடு வெளியே வந்தது.

டயர்க்காரர் மெதுவாக வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மெக்கானிக் மூடியைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். கண் கலங்க, “இதை அப்பவே வந்து சொல்லியிருக்கலாமே மச்சான்” என்றார்.

மச்சான் வாய்விட்டுச் சிரித்தபடி அவரை இழுத்து அணைத்துக்கொண்டார்.

“என்கிட்ட மிச்சம் இருந்ததும் ஒரே கேன். கையில குடுத்தா நீங்க வாங்கவா போறீங்க? அதான் மாப்ள, திருடிக் குடுத்தேன்.”