விறகில்லாத கஞ்சித்தொட்டி

யுத்தப் பஞ்சத்துக்காகத் திறந்த கஞ்சித்தொட்டியின் முன்னால், உச்சிவெயிலில் வரிசை தெருமுனைவரை நிற்கிறது. அடுப்புகள் அணைந்து கிடக்கின்றன. அலங்காநல்லூரிலிருந்து வந்த விருமாண்டி, மாட்டுவண்டியிலிருந்து கடைசி அரிசி மூட்டையை இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார். கஞ்சி காய்ச்சும் ஒச்சாயியின் முகத்தில் மகிழ்ச்சியில்லை. “அரிசி உள்ளயும் கெடக்குண்ணே. எல்லாரும் மூட்டையத்தான் கொண்டாராக. வெறகு வாங்கத்தான் காசில்ல.” “எங்கிட்ட ஏது தாயி காசு? வெளைஞ்சதக் கொண்டாந்தேன்.” வரிசையில் ஒருத்தி அழக்கூடத் தெம்பில்லாத பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றுகிறாள். விருமாண்டி அதைப் பார்க்கிறார். வண்டியின் பக்கக் கம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி அடுப்பருகே போடுகிறார். “இது ஒரு வேளைக்குத்தாண்ணே காணும்.” “ஒரு வேள வேகட்டும் தாயி” என்றபடி வெறுந்தரையில் உட்கார்ந்துவிடுகிறார்.