கௌசல்யாவின் முகவரி

அது ஆடி மாதம்தானா என்பது எனக்கு உறுதியில்லை. திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறை அறை. மதிய வெயில் சாப்பாட்டு மேசைவரை வந்திருக்கிறது. முகம் தெரியாத மாணவன் அனுப்பிய சந்தேகத்துக்குப் பேராசிரியை கௌசல்யா செல்போனில் குரல்பதிவாகப் பதில் அனுப்புகிறாள். “அப்பு, அம்புட்டையும் படிச்சு முடிக்கணும்னு இல்ல. நிலக்கோட்டைப் பக்கம் ஒரு மல்லிகைத் தோட்டத்துல செத்த நேரம் நின்னு பாரு.” எதிரே அதே துறைப் பேராசிரியர் ஒச்சப்பன். அவளைவிட மூத்தவர், ஆய்வுக் கட்டுரைகள் அதிகம் எழுதியவர். அவரிடம் எந்த மாணவரும் எதுவும் கேட்டதில்லை. இன்று அவருக்கும் ஒரு மாணவியின் மின்னஞ்சல் வந்திருக்கிறது. கையைத் துடைத்துக்கொண்டு திறக்கிறார். ‘ஐயா, மல்லிகை வாடல் நோயை ஆராய்கிறேன். கௌசல்யா அம்மாவின் முகவரி தருவீர்களா?’ ‘அவர் வெளியாருக்கு உதவுவதில்லை’ என்று ஒற்றை விரலால் தட்டி அனுப்புகிறார். “என்ன சார், வெஞ்சனமே இல்லாம சாப்டுறீங்க?” என்று கௌசல்யா தன் கத்தரிக்காய்ப் பொரியலை அவர் பக்கம் நகர்த்துகிறாள். அவர் எடுத்துக்கொள்கிறார். பிறகு அந்த மாணவி ஆய்வை விட்டுவிட்டுப் பழனியில் ஒரு விடுதியில் வேலைக்குச் சேர்ந்தாள். கௌசல்யாவுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. ஒச்சப்பன் ஓய்வு பெற்றுவிட்டார். அவருக்கு வேறு எந்த மாணவரும் எழுதவில்லை.