வாசலில் நிற்கும் ஊசி

அடி அண்ணாமலையில் வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. திரௌபதி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படிக்கு உள்ளே நிற்கிறாள். தலைக்கு மேல் நேற்றுச் செருகிய வேப்பிலைக் கொத்து. உள்ளே மூத்தவள் சந்திரகலா தட்டம்மை போட்டுப் படுத்திருக்கிறாள். அவள் புரளும்போதெல்லாம் அடியில் விரித்த வேப்பந்தழை சரசரக்கிறது. நிலைப்படிக்கு வெளியே, தடுப்பூசி போட வந்த நர்சம்மா. அவள் தோளில் தொங்கும் ஐஸ் பெட்டியின் மூலையிலிருந்து நீர் சொட்டிச் சொட்டி மண்ணில் மறைகிறது.

"பெரியவளுக்கு வந்தது சின்னவனுக்கும் வந்துடும்மா. இப்பவே போட்டுட்டா தப்பிச்சிக்குவான். ஐஸ் கரையுது, சீக்கிரம் சொல்லு."

"ஆத்தா வீட்ல இருக்கிறப்ப ஊசி குத்துனா கோவம் ஜாஸ்தியாயிடும்னு சொல்றாங்களே, நர்சம்மா."

"ஆத்தாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது கிருமி."

காலையில் கேட்டதற்குப் புருஷன், "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுக் கழனிக்குப் போய்விட்டான். தன் இஷ்டம் எதுவென்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. பிள்ளையின் சட்டைப் பொத்தானைக் கழற்றுகிறாள். உள்ளே முனகல் கேட்கிறது, திரும்பப் போடுகிறாள். மறுபடி கழற்றக் குனியும்போது நர்சம்மாவின் வெறுங்கால் கண்ணில் படுகிறது. சுடுமண்ணில் கால் மாற்றி மாற்றி நிற்கிறாள். அவள் செருப்பு எதிரே புங்கமரத்தடியில் ஜோடியாகக் கிடக்கிறது.

"செருப்ப ஏன் அங்கயே உட்டுட்டு வந்தீங்க?"

நர்சம்மா வேப்பிலைக் கொத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிறாள். பெட்டியைத் தோள் மாற்றிக்கொள்கிறாள். திரௌபதியின் விரல் பொத்தானிலேயே நிற்கிறது.